மூன்று மீட்டர் ஒயர்

2022 ஜூன் 23, அதிகாலை. ஹாசன் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கும் என் மனைவியின் தங்கை போன் செய்தபோது மணி ஐந்தைத் தொட்டிருந்தது. "மாமா, வீடு ஆடிடுச்சு. அலமாரியில பாத்திரமெல்லாம் கடகடன்னு சத்தம். எல்லாரும் வாசல்லதான் நிக்கிறோம்."

யாருக்கும் அடி படவில்லையே என்று கேட்டேன். இல்லை என்றாள். அடுத்த கணம் எனக்குள் எழுந்தது சந்தோஷம். இன்றைக்கும் இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் அதுதான் உண்மை. மைசூரில், குவெம்புநகரில், எங்கள் வீட்டு மாடிப்படிக்கு அடியில் நான் ஒரு நிலநடுக்கமானி வைத்திருக்கிறேன். அறுபது எழுபது கிலோமீட்டர் தொலைவில் ஒரு நிலநடுக்கம் வரும், என் பெட்டி அதைப் பிடிக்கும் என்று அது வீட்டுக்கு வந்த நாளிலிருந்து காத்துக்கொண்டிருந்தேன்.

வேட்டியை இறுக்கிக்கொண்டு கம்ப்யூட்டரைத் திறந்தேன். திரையில் கோடு 4 மணி 21 நிமிடம் வரை ஓடி, நின்றிருந்தது. மறுபடி 4:58-க்குத் தொடங்கியிருந்தது. நிலம் ஆடியது 4:37-க்கு. அளவு 3.4 என்று காலையில் அறிவித்தார்கள். என் திரையில் அந்த நேரத்தில் இருந்தது வெறும் வெள்ளை.

அந்த வெள்ளைக்கு யார் காரணம் என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. அப்படித்தான் நினைத்தேன்.

நான் பிறந்தது கோயம்புத்தூரில். 1900 பிப்ரவரி 8 அன்று விடிவதற்கு முன்னால் கோவை வட்டாரத்தில் ஒரு பெரிய நிலநடுக்கம் வந்தது. அளவு ஏறக்குறைய 6 என்று பின்னாளில் கணித்திருக்கிறார்கள். பாட்டி அப்போது பிறக்கவில்லை. ஆனால் அவளுடைய அம்மா சொன்னதை எங்களுக்குச் சொல்வாள். உறியில் தொங்கிய பானைகள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டனவாம், மாடுகள் அதற்கு முன்பே கத்தத் தொடங்கிவிட்டனவாம். காலடியில் கிடக்கும் நிலம் அசையக்கூடியது என்ற எண்ணம் எனக்குள் அப்படி விழுந்தது.

வேலைக்காக மைசூர் வந்தேன். ஒரு தொழிற்சாலையில் 32 வருஷம் மின் பராமரிப்புப் பிரிவு. ஓய்வு பெற்ற பிறகு, 2021 கடைசியில், மகன் வெளிநாட்டிலிருந்து வரும்போது ராஸ்பெர்ரி ஷேக் என்ற பெட்டியை வாங்கி வந்தான். உள்ளங்கை அகல கம்ப்யூட்டர் பலகை ஒன்று, அதன் மேல் இன்னொரு பலகை, பக்கத்தில் ஜியோபோன் என்ற உருளை. உருளைக்குள் ஸ்பிரிங்கில் தொங்கும் கனமும் காந்தமும் கம்பிச் சுருளும் இருக்கின்றன. தரை அசைந்தால் சுருளில் மிகச் சிறிய மின்சாரம் பிறக்கும். அதை நொடிக்கு நூறு முறை அளந்து எழுதும். எழுதியதைத் தன் மெமரி கார்டில் வைத்துக்கொண்டு, இணையம் வழியாக ஊருக்கும் அனுப்பும். உலகம் முழுக்க இப்படி வீடுகளிலும் பள்ளிகளிலும் இருக்கும் பெட்டிகளோடு என் பெட்டியும் ஒரு புள்ளியாகச் சேர்ந்தது.

இது வெறும் பொழுதுபோக்கு என்று ஒருநாளும் நான் நினைத்ததில்லை. 1897-இல் அஸ்ஸாம், ஷில்லாங் பக்கத்தை உலுக்கிய நிலநடுக்கத்துக்குப் பிறகுதான் கல்கத்தா அலிப்பூரில் 1898-இல் நம் நாட்டின் முதல் நிலநடுக்க ஆய்வுக்கூடம் வந்தது. அடுத்த வருஷமே பம்பாயிலும் நம் கோடைக்கானலிலும் தொடங்கினார்கள். கர்நாடகத்தில் கௌரிபிதனூரில், பாறை நிலத்தில் கருவிகளை வரிசையாகப் பதித்து, 1960-களிலிருந்து பூமியின் மறுபக்கத்து அதிர்வுகளையும் அணுகுண்டு சோதனைகளையும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அதெல்லாம் பெரிய இடங்கள். ஆனால் 2021 ஆகஸ்ட் 14-இல் ஹைட்டியில் 7.2 அளவு நிலநடுக்கம் வந்தபோது, அதன் மையத்துக்குப் பக்கத்தில் இருந்து பதிவு செய்தவை சாதாரண மக்கள் தங்கள் வீட்டில் இடம் கொடுத்து வைத்திருந்த இதே வகைப் பெட்டிகள்தான். அதைப் படித்த அன்றைக்கு எனக்குத் தூக்கமே வரவில்லை. நம் வீட்டு மூலையில் இருப்பதும் ஒருநாள் யாருக்காவது உதவும், அது ஒரு நொடிகூட நிற்கக்கூடாது என்று மனசில் பதிந்துவிட்டது.

மாடியில் குடியிருந்தவர்கள் கன்னடக் குடும்பம். அவர்கள் பையன் அப்போது பி.யு.சி. முதல் வருஷத்தில் இருந்தான். பெட்டி வந்த நாளே இறங்கி வந்தவன், அதன்பிறகு தினமும் வந்தான். நீர்மட்டக் குமிழை நடுவில் கொண்டுவந்து பெட்டியைச் சமமாக உட்கார வைத்தது அவன்தான். நிலநடுக்கத்தில் முதலில் வருவது பி அலை, அடுத்து வருவது எஸ் அலை. பக்கத்து நிலநடுக்கம் என்றால் இரண்டுக்கும் நடுவே உள்ள நொடிகளை எட்டால் பெருக்கினால் தொலைவு எத்தனை கிலோமீட்டர் என்று தெரிந்துவிடும். இதை எங்கோ படித்துவிட்டு வந்து எனக்குச் சொல்லிக் கொடுத்தான். கணக்குப் போட்டுப் பார்க்கத்தான் எங்களுக்குப் பக்கத்து நிலநடுக்கம் கிடைக்கவில்லை. தென் கர்நாடகத்துப் பாறை பழைய பாறை, அதிகம் ஆடாது. "முதல்ல வர்றது எதுவா இருந்தாலும் நான்தான் எண்ணுவேன் அங்கிள்" என்று சொல்லி வைத்திருந்தான். ஆகட்டும் என்றிருந்தேன்.

2022 யுகாதிக்கு வீட்டைச் சுத்தம் செய்தபோது பெட்டிக்கு இடம் மாற்றினேன். ஹாலில் இருந்தவரை ஃபிரிட்ஜ் ஓடினாலும் கோடு தடிக்கும், யாராவது நடந்தாலும் தடிக்கும். மாடிப்படிக்கு அடியில் அமைதி. அங்கே பிளக் பாயின்ட் இல்லை. பெட்டியோடு வந்த அடாப்டரின் ஒயர் எட்டவில்லை. மேசை டிராயரில் பழைய செல்போன் சார்ஜர் ஒன்றும், மூன்று மீட்டர் நீள ஒயர் ஒன்றும் கிடந்தன. மாட்டினேன். விளக்கு எரிந்தது. கோடு முன்னைவிட மெல்லியதாக, அழகாக ஓடியது. டைரியில் தேதி போட்டு எழுதினேன்: "இடம் மாற்றம். இரைச்சல் பாதியாகக் குறைந்தது."

அந்த மாதமே இடைவெளிகள் விழத் தொடங்கின. ஒருநாள் மூன்று நிமிஷம், இன்னொரு நாள் நாற்பது நிமிஷம். சில நாள் ஒன்றுமே இருக்காது. சில நாள் நான்கு தடவை. மின்வெட்டு என்று முதலில் நினைத்தேன். பெட்டிக்கு இன்வெர்ட்டர் இணைப்பு கொடுத்தேன். நிற்கவில்லை. இணையம்தான் என்று முடிவு கட்டினேன். அதற்குச் சாட்சியும் இருந்தது. இணையம் மந்தமாக இருந்த நாட்களில் இடைவெளி நீளமாக இருந்தது. இணைப்பு கொடுத்தவரிடம் நாலு தடவை சண்டை போட்டேன். புது ரௌட்டர் வாங்கினேன். இன்வெர்ட்டர், ரௌட்டர் என்று மொத்தம் ஒன்பதாயிரம் ரூபாய்க்கு மேல் போனது.

மே மாதம் ஒரு சாயங்காலம் பையன் கேட்டான், "அங்கிள், அந்த நேரத்து டேட்டா கார்டுல இருக்கா?"

நல்ல கேள்வி. இருந்ததிலேயே நல்ல கேள்வி. நெட் போயிருந்தால் வெளியே போகும் பதிவில்தான் ஓட்டை விழும். பெட்டிக்குள் கார்டில் முழுசாக இருக்கும். கார்டிலும் ஓட்டை என்றால் கோளாறு பெட்டியில், அல்லது பெட்டிக்குப் போகும் மின்சாரத்தில். பத்து நிமிஷத்தில் பிரித்துப் பார்த்திருக்கலாம். நான் என்ன சொன்னேன்? "கார்டையெல்லாம் நோண்டாதேப்பா, கெட்டுப்போயிடும். எனக்குத் தெரியாதா?"

அவன் அதன்பிறகு கேட்கவில்லை.

மாடிக்காரர்களும் எங்கள் வைஃபையைத்தான் பயன்படுத்தினார்கள். வாடகையோடு சேர்த்துச் சொன்ன ஏற்பாடு. இடைவெளி விழும்போதெல்லாம் என் கண் மாடியைப் பார்க்கத் தொடங்கியது. பையன் ராத்திரி வெகுநேரம் விழித்துப் படிக்கிறான், வீடியோ பார்க்கிறான், இணையத்தை அவன்தான் உறிஞ்சுகிறான் என்று மனசு ஒரு கதையைக் கட்டிக்கொண்டது. கட்டிய பிறகு ஒவ்வொரு இடைவெளியும் அந்தக் கதைக்குள் போய் ஒழுங்காக உட்கார்ந்தது.

ஜூன் 23 காலை ஆறு மணிக்கு மாடிப்படியில் நின்று கத்தினேன். கன்னடத்தில்தான் கத்தினேன், அவர்களுக்கு நன்றாகப் புரியட்டும் என்று. ராத்திரி முழுக்க ஊர் சுற்றும் வீடியோ எதற்கு, மற்றவர்களின் உழைப்பை மதிக்கத் தெரியாதா, வாழ்நாளில் ஒரு தடவை வருவதை நாசம் பண்ணிவிட்டாயே என்று. பையன் பல்விளக்கும் பிரஷ்ஷோடு வெளியே வந்தான். வாயில் நுரை. அவனால் பதில் சொல்லவும் முடியவில்லை. அவன் அப்பா வந்து தோளைத் தொட்டு அவனை உள்ளே அனுப்பிவிட்டு, "சரி சார்" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

உள்ளே வந்தபோது என் மனைவி காபியை வைத்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள், "ஏங்க, அந்தப் புள்ள நேத்து ராத்திரி ஊர்லயே இல்ல. பாட்டி வீட்டுக்குப் போயிட்டு விடியக்காலம் அஞ்சரை பஸ்சுலதான் வந்தான்."

இதைக் கேட்ட பிறகாவது நான் மாடிக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. அவன் இல்லாவிட்டால் அவன் அப்பா, அப்பா இல்லாவிட்டால் அம்மா என்று என் கதையில் ஆளை மட்டும் மாற்றிக்கொண்டேன்.

அன்றைக்கே அவர்கள் எங்கள் வைஃபையை விட்டுவிட்டார்கள். கடவுச்சொல்லைக் கூட அழித்துவிட்டதாக அவர் வந்து மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அதற்கு அடுத்த நாட்களில் குடகிலும் சுள்ளியாவிலும் நிலம் அடிக்கடி லேசாக ஆடியது. செய்தித்தாளில் தினமும் அதுதான் பேச்சு. ஜூன் 28 காலை ஏழே முக்கால் மணி அளவில் 3.0 அளவில் ஒன்று. திரையைப் பார்த்தேன். ஏழரையிலிருந்து எட்டு வரை வெள்ளை.

இப்போது மாடியில் யாரும் என் இணையத்தில் இல்லை. ரௌட்டர் புதுசு. இன்வெர்ட்டரில் சார்ஜ் இருந்தது. குற்றம் சொல்ல வீட்டில் ஆள் தீர்ந்துவிட்டது.

மாடிப்படிக்கு அடியில் தரையில் உட்கார்ந்தேன். முட்டி வலித்தது. விளக்கைப் போடவில்லை. பெட்டியின் கண்ணாடி மூடி வழியாக இரண்டு சிறு விளக்குகள் தெரிந்தன. பச்சை அவ்வப்போது மினுக்கியது, கார்டில் எழுதும்போது அது மினுக்கும். சிவப்பும் மினுக்கியது. எரிந்து, ஒரு கண் சிமிட்டும் நேரம் அணைந்து, மறுபடி எரிந்தது. இதை நான் ரெண்டு மாதமாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பெட்டி சுறுசுறுப்பாக வேலை செய்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

சிவப்பு மின்சாரத்துக்கான விளக்கு. அது மினுக்கக் கூடாது.

எழுந்துபோய் மல்டிமீட்டரை எடுத்து வந்தேன். முதலில் சார்ஜர் முனையில் அளந்தேன். 5.1 வோல்ட். சரியாக இருந்தது. பழைய யு.எஸ்.பி. ஒயர் ஒன்றை வெட்டி, சிவப்பையும் கறுப்பையும் சீவி, பெட்டியின் யு.எஸ்.பி. துளையில் செருகினேன். மீட்டரின் இரண்டு முள்ளையும் வைத்தேன்.

4.58.

கையை ஆட்டாமல் பிடித்தேன். 4.55. பச்சை விளக்கு வேகமாக மினுக்கியபோது 4.49. அந்தப் பலகைக்கு 4.63-க்குக் கீழே போனால் போதாது. போதாமல்போனால் சிவப்பு விளக்கு அணையும். இன்னும் போதாவிட்டால் பெட்டியே மயங்கி, அணைந்து, தானாக எழும். அதற்குள் கடிகார பேட்டரி கிடையாது. எழுந்ததும் இப்போது மணி என்ன என்று இணையத்தில் கேட்கும். பதில் வரும்வரை எதையும் பதியாது, நேரம் தெரியாத அதிர்வால் யாருக்கும் பயனில்லை என்பதால். இணையம் மந்தமாக இருந்தால் பதில் தாமதமாகும், இடைவெளி நீளும். நான் சாட்சியாகப் பிடித்துக்கொண்டிருந்தது இதைத்தான். இணையம் இடைவெளியை நீட்டியது, உண்டாக்கவில்லை.

சுவரோரம் நெளிந்து கிடந்த ஒயரை விரல்களுக்கு நடுவே பிடித்தேன். மெல்லிய ஒயர். உள்ளே இருக்கும் செம்பு தலைமுடி மாதிரி இருக்கும். மூன்று மீட்டர் போக, மூன்று மீட்டர் வர. அரை வோல்ட்டுக்கு மேல் அந்த ஒயருக்குள்ளேயே போய்விட்டது.

தொழிற்சாலையில் ஐ.டி.ஐ. முடித்துவிட்டு வரும் பையன்களுக்கு முதல் வாரம் நான் சொல்லிக்கொடுக்கும் பாடம் இது. ஒயர் மெலிந்தால் வோல்ட்டேஜ் விழும், நீண்டால் விழும். பிளக்கில் அளக்காதே, மோட்டார் முனையில் அள, அதுவும் மோட்டார் ஓடும்போது அள. ரெண்டாவது பாடம், மெஷின் நின்றால் எதையும் கழற்றுவதற்கு முன்னால் ஒரு கேள்வி கேள்: கடைசியாக என்ன மாற்றினார்கள்? 32 வருஷம் எத்தனையோ பேரிடம் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறேன். ராத்திரி ஷிப்ட்டில் தூக்கக் கலக்கத்தோடு நின்றவர்களிடம், பதில் சொல்லப் பயந்தவர்களிடம் எல்லாம் கேட்டிருக்கிறேன்.

டைரியை எடுத்துப் புரட்டினேன். யுகாதி வாரம். என் கையெழுத்து. "இடம் மாற்றம். இரைச்சல் பாதியாகக் குறைந்தது." முதல் இடைவெளி அதற்கு மூன்றாம் நாள்.

பிறகு கார்டைத் திறந்து பார்த்தேன். ஜூன் 23-க்கான கோப்பு இருந்தது. 4:21-இல் நின்றது, 4:58-இல் தொடங்கியது. கார்டிலும் வெள்ளைதான். மே மாதமே பார்த்திருந்தால் மே மாதமே தெரிந்திருக்கும். பெட்டியோடு வந்த அடாப்டரை மாட்டி, மாடிப்படிக்குப் பக்கத்தில் பிளக் பாயின்ட் ஒன்றை நானே இழுத்தேன். அதற்கு அரை நாள் ஆனது. செலவு நூற்றைம்பது ரூபாய். அதன்பிறகு அந்த மாதிரி இடைவெளி விழவே இல்லை.

ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. மாடிக்குப் போனேன். பையன் மேசையில் படித்துக்கொண்டிருந்தான். அவன் அப்பா நாற்காலி போட்டார், உட்காரவில்லை. தப்பு என்னுடையது, ஒயர் என்னுடையது, நீ கேட்டது சரியான கேள்வி என்று சொன்னேன். சொல்லும்போது அவன் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னேன். "பரவாயில்ல அங்கிள்" என்றான். நல்ல பையன், மரியாதையாகச் சொன்னான். நாளைக்கு வந்து பாரு, சரி பண்ணிட்டேன் என்றேன். தலையாட்டினான்.

வரவில்லை. மறுநாளும் வரவில்லை, அந்த வாரமும் வரவில்லை. படிப்பு அதிகம் என்று அவன் அம்மா சொன்னார். படியில் எதிரே வந்தால் சிரிப்பான், ஒதுங்கி வழி விடுவான்.

2023 பிப்ரவரி 6 காலை துருக்கியில் 7.8. நம் நேரம் 6:47-க்கு அங்கே நிலம் பிளந்தது. ஏறக்குறைய எட்டு நிமிஷத்தில், ஐயாயிரம் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவான தூரத்தைப் பூமிக்குள்ளேயே கடந்து, முதல் அலை என் மாடிப்படிக்கு அடியில் வந்து சேர்ந்தது. கோடு ஒரு இழைகூட அறுபடாமல் முழுசாகப் பதிந்திருந்தது. அங்கே எத்தனை ஆயிரம் பேர் இடிபாட்டுக்குள் கிடக்கிறார்கள் என்று டிவியில் பார்த்துக்கொண்டே, அந்தக் கோட்டை அச்செடுத்தேன். எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். பையன் டியூஷனுக்குப் போயிருந்தான். அவன் அப்பா வாங்கி மேசையில் வைத்தார். அந்த வருஷம் மே மாதம் அவருக்கு ஹுப்பள்ளிக்கு மாற்றல் வந்தது. காலி செய்த வீட்டைப் பெருக்கும்போது பார்த்தேன், அந்தக் காகிதம் அங்கே இல்லை. எடுத்துக்கொண்டு போனானா, குப்பையோடு போனதா, கேட்கவில்லை.

அவன் நம்பர் மட்டும் என் போனில் இருந்தது.

2025 மார்ச் 28 பகல் 11:50-க்கு மியான்மரில் 7.7. மாண்டலே, சகாயிங் எல்லாம் சரிந்தன. ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி பாங்காக்கில் கட்டிக்கொண்டிருந்த உயரமான கட்டடம் ஒன்று இடிந்து விழுந்தது. ஐந்து நிமிஷத்துக்குள் முதல் அலை இங்கே வந்துவிட்டது. நான் அப்போது சாப்பிட உட்கார்ந்திருந்தேன். திரையில் கோடு தடித்து, அடங்கி, மறுபடி பெருசாகத் தடித்தபோது இலையை விட்டு எழுந்துவிட்டேன்.

சாயங்காலம் வரை யோசித்துவிட்டு அந்தப் படத்தை அவனுக்கு அனுப்பினேன். கூட ஒரு வார்த்தையும் எழுதவில்லை. என்ன எழுதுவது என்று தெரியவில்லை. அவன் இப்போது இன்ஜினியரிங் ரெண்டாம் வருஷம், ஏதோ ஹாஸ்டலில் இருப்பான். கொஞ்ச நேரத்தில் இரண்டு டிக்கும் நீலமானது. பதில் இல்லை. எட்டு மணிக்குப் பார்த்தேன், ஒன்பதுக்குப் பார்த்தேன். மனைவி ஒன்றும் கேட்கவில்லை.

பத்தரைக்கு போன் சிணுங்கியது. அவன்தான். ஒரே வரி, கன்னடத்தில்.

"கார்டுல இருக்கா அங்கிள்?"

பெட்டியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, கார்டில் இருந்த கோப்பைத் திறந்து, தொடக்கத்திலிருந்து முடிவுவரை ஒருமுறை பார்த்தேன். அதன்பிறகு எழுதினேன்.

"இருக்கு. பார்த்துட்டேன். எஸ் அலையை நீயே எண்ணு."